லிங்கன்ஸ் இன் சேப்பல்: போனவர்கள் எழுதுங்கள்

லண்டன் சட்ட மாணவி:
லிங்கன்ஸ் இன் என்பது லண்டனில் வழக்கறிஞர்களின் பழைய சங்கம். அதன் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தேன், மத்தியான நேரம். சேப்பல் மணி அடிக்க ஆரம்பித்தது. ஓர் அடி, இடைவெளி, மறுபடி ஓர் அடி. பெஞ்சர், அதாவது இன்னின் மூத்த நிர்வாக உறுப்பினர், யாராவது காலமானால் இப்படி அடிப்பார்கள் என்று தெரியும், காதால் கேட்டது அன்றுதான். எதிரே இருந்த வயதான வழக்கறிஞர் பேனாவை மூடிவிட்டு, யார் என்று விசாரிக்க வெளியே போனார். திரும்பி வந்தவர் பேனாவை மறுபடி திறக்கவே இல்லை. அவருக்கு வேண்டியவர் போலிருக்கிறது. நான் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாக மனதை அரிக்கிறது. மணி யாருக்காக அடிக்கிறது என்று கேட்காதே, உனக்காகத்தான் என்று அந்தக் காலத்துக் கவிஞர் ஜான் டன் இந்த மணியைக் கேட்டுத்தானே எழுதினார்!

திருச்சிக்காரன்:
தங்கச்சி, அந்தக் கடைசி வரியில் ஒரு திருத்தம். டன் இங்கே பிரசங்கியாராக இருந்தவர்தான். 1623-இல் இந்தச் சேப்பலின் பிரதிஷ்டைக்குப் பிரசங்கம் செய்தவரும் அவரே. ஆனால் நீ சொல்லும் வரிகளை எழுதியது அந்த வருடக் கடைசியில், கடும் நோயில் படுத்திருந்தபோது. அப்போது அவர் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு. படுக்கையிலிருந்து கேட்டதாக அவர் எழுதுவது பக்கத்து ஆலய மணியை. இங்கே உள்ளவர்கள் தங்கள் மணி என்று சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் போனது ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்கு. பழைய ஜெப புத்தக முறைதான். கடைசிப் பாட்டுக்கு ஆர்கன் எடுத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் 'தூய தூய தூயா'! புத்தகம் கையில் விரிந்திருக்க, என் வாயில் தமிழ்தான் வந்தது. அதன் ஆங்கில மூலத்தை எழுதிய ரெஜினால்ட் ஹீபர் 1822-இல் இதே சேப்பலின் பிரசங்கியார். மறு வருடம் கல்கத்தா பிஷப்பாகக் கப்பல் ஏறினார். 1826 ஏப்ரல் 3, திருச்சியில் காலையில் திடப்படுத்தல் ஆராதனையை முடித்துவிட்டுக் குளிக்க இறங்கியவர், தண்ணீரிலேயே இறந்துபோனார். அடக்கம் செய்தது எங்கள் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான். அவர் புறப்பட்ட இடத்தில் நின்று பாடுகிறேன் என்பது வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மதுரை கொயர் டீச்சர்:
நான் மழைக்கு ஒதுங்கியது சேப்பலுக்குக் கீழே உள்ள தூண் மண்டபத்தில். மாணவர்கள் உலாவி, பேசி, வாதம் செய்யட்டும் என்றே திறந்து கட்டியது. அந்தக் காலத்தில் பெற்ற பிள்ளையை அங்கே விட்டுப் போவார்களாம், லிங்கன்ஸ் இன் எடுத்து வளர்த்து லிங்கன் என்று பெயர் வைக்குமாம். என் பேத்தி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம், போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நீதிமன்றத் தவணை நடக்கும் மாதங்களில் போங்கள், விடுமுறையில் ஆராதனை இருக்காது. பைபிளில் அன்றைய சங்கீதத்தை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போனால் கொயர் பாடும்போது வார்த்தை பிடிபடும். வசனத்தின் நடுவில் நிறுத்துவார்கள், அங்கே நீங்கள் முந்திக்கொண்டு பாடிவிடாதீர்கள். நம் ஊரில் எல்லாக் கொயரும் அவசரப்படுவது அந்த இடத்தில்தான். முதல் தடவை பாடாமல் கேட்டாலே போதும். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள், ஆர்கன் ஓயும் வரை உட்காருங்கள். குழந்தையோடு போனால் கதவுப் பக்கம் உட்காருங்கள்.

இரண்டு பெண்களின் அப்பா:
டீச்சர், அந்த மண்டபத்தில் கல்லறைகளும் உண்டு. அங்கே அடக்கமானவர்களில் ஒரு பெண் பிள்ளையும் உண்டு, அதை விட்டுவிட்டீர்களே. இங்கிலாந்தின் முன்னாள் லார்ட் சான்சலர் லார்ட் புரூமின் மகள் எலினோர், 1839-இல் இறந்தபோது வயது 17. அதுவரை பெண்களை அங்கே அடக்கம் செய்ததில்லை. தானும் பின்னால் மகள் பக்கத்திலேயே கிடக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டிருக்கிறார். அவர் கடைசியில் இறந்தது பிரான்சில், கான் (Cannes) நகரில். அங்கேயே புதைத்துவிட்டார்கள்.