மறு: மறு: ‘நிறுவனக் குடியுரிமை நடத்தை’ – வேறு சொல் கிடைக்குமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், எழுதத்தான் நேரம் வாய்க்கவில்லை. ‘ஆர்கனைசேஷனல் சிட்டிசன்ஷிப் பிஹேவியர்’ (வேலையிடத்தில் யாரும் சொல்லாமல் தானாகவே செய்யும் நல்ல காரியம்) என்பதற்குச் சென்னை ஐயா ‘நிறுவனக் குடியுரிமை நடத்தை’ என்றார். கோவைத் தம்பி அதைக் ‘குடிமைப் பண்பு’ ஆக்கினார். யாழ்ப்பாணத்து அக்கா ‘ஒப்புரவு’ என்ற ஒரே சொல் போதுமே என்றார். மூன்றையும் மேசையில் வைத்துப் பார்ப்பது ஒன்று, அண்டியாபீஸில் வைத்துப் பார்ப்பது வேறு. (வெளியூர்க்காரர்களுக்காக: கொல்லாங்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து ஆலைகளுக்கு வினாத்தாளோடு போய்வருகிறாள். அங்கே பட்ட பாட்டை எழுதுகிறேன்.

முதலில் ‘நடத்தை’. தாளின் தலைப்பில் ‘பணியாளர் நடத்தை பற்றிய வினாக்கள்’ என்று போட்டிருந்தோம். தோலுரிக்கும் பகுதியில் இருந்த ஒரு அம்மா தாளை வாங்கித் தலைப்பை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார். “எனக்க நடத்தையப் பற்றிக் கேக்க நீ ஆரு மக்களே?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்ததில் தப்பே இல்லை. மேலாண்மைப் பாடத்தில் நடத்தை என்பது பிஹேவியர். ஊரில் நடத்தை என்பது, ஒரு பெண்ணைப் பற்றி ‘சரியில்லை’ என்று சொல்லி வாழ்க்கையைக் கெடுக்கும் சொல். அன்று ராத்திரியே தலைப்பைக் கிழித்துவிட்டு ‘வேலையிடத்தில் நாம் செய்வது’ என்று மாற்றினோம்.

குடியுரிமை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதில் இருப்பது உரிமை, நமக்கு வேண்டியது கடமைப் பக்கம். அந்த அம்மாக்களிடம் குடியுரிமை என்றால் ஆதார் அட்டையைத் தேடுவார்கள். ‘குடிமை’ அதைவிட நல்ல சொல்தான் தம்பி, ஆனால் குடிமைப் பொருள் வழங்கலும் குடிமைப் பணித் தேர்வும் அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டன. ரேஷன் அரிசி வாசனை வருகிறது.

ஒப்புரவை விடத்தான் மனம் வரவில்லை. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு’ என்று ஒப்புரவறிதல் அதிகாரம் தொடங்குகிறதே, மேலைநாட்டு வரையறையில் பாதி அங்கேயே இருக்கிறது. ஆனால் அக்கா, நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டம். தெருவுக்கு ஒரு தேவாலயம். இங்கே ஒப்புரவு என்றால் கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம். சீர்திருத்த சபைக்காரருக்குக் கடவுளோடு ஒப்புரவாகுதல். ‘ஒப்புரவு அளவுகோல்’ என்று மாணவி சொன்னதும் ஒருவர், “சாமியாருட்ட சொல்ல வேண்டியத ஒங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்று கேட்டிருக்கிறார்.

சொல்லைத் தேடும் முன், பொருள் எங்கிருந்து வந்தது என்று ஒரு நடை பார்த்துவிடலாம். நிறுவனம் நிற்பது அதிலிருப்பவர்கள் ஒத்துழைக்க மனம் வைப்பதால்தான் என்று 1938இல் அமெரிக்க மேலாண்மைச் சிந்தனையாளர் செஸ்டர் பார்னார்ட் எழுதினார். 1964இல் உளவியலாளர் டேனியல் காட்ஸ் இன்னும் அழுத்திச் சொன்னார்: வகுத்துக்கொடுத்த வேலையை மட்டும் நம்பி நடக்கும் நிறுவனம் சீக்கிரம் நொறுங்கும். இது தொழிற்சங்கக்காரர்களுக்கு ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். வேலைநிறுத்தம் செய்ய முடியாத இடத்தில் ‘விதிப்படி வேலை’ போராட்டம் நடத்துவார்கள். புத்தகத்தில் இருப்பதைக் கூடாமல் குறையாமல் செய்வது, அவ்வளவுதான். கொஞ்ச நாளிலேயே எல்லாம் தேங்கிவிடும். அப்படியானால் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றுக்குத்தான் 1983இல் டென்னிஸ் ஆர்கனும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தப் பெயரை வைத்தார்கள். 1988இல் ஆர்கன் தந்த வரையறையில் மூன்று முடிச்சு: தன் விருப்பத்தில் செய்வது, முறையான சன்மானக் கணக்கில் நேரடியாக வராதது, மொத்தமாகச் சேரும்போது நிறுவனத்துக்குப் பலன் தருவது.

சுருக்கமாக ஓசிபி என்பார்கள். மாணவி போனில் என்னிடம், “ஓசிபி பகுதி முடிஞ்சுது சார்” என்று சொல்ல, பக்கத்தில் பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர், “ஓசி வேலையா? அது இங்க நெறைய உண்டே” என்று சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கோட்பாட்டின் மேல் வைக்கப்படும் மிகப் பெரிய விமரிசனத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டார். சம்பளக் கணக்கில் வராத வேலையைப் புகழ்கிற சொல், ஓசி வேலையை மூடிவைக்கிற சொல்லாகவும் ஆகிவிடும்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் தமிழ்நாட்டில் இல்லை. நாங்கள் இருந்த அந்தக் காலத் திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்றால் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கிய வேலை. இன்று அதே சொல்லில் அரசு ஊழியர் சம்பளம் வாங்குகிறார், சபை ஊழியர் மனம் உவந்து ஊழியம் செய்கிறார். ஒரே சொல்லில் கட்டாயம், கூலி, விருப்பம் மூன்றும் குடியிருக்கின்றன. ஆகவே நாம் செய்யும் சொல், ‘யாரும் சொல்லாமல் செய்தாயா, சொல்லிச் செய்தாயா’ என்ற ஒரு கேள்வியையாவது உள்ளே வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் முன்மொழிவு: ஏவாப்பணி.

‘ஏவா மக்கள் மூவா மருந்து’ என்று கொன்றைவேந்தனில் ஔவை சொன்னதுதான். ஏவாமல் தானே செய்கிற பிள்ளை. ஓடாக் குதிரை, வாடா மலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ஏவாப்பணி அளவுகோல், ஏவாப்பணி உணர்வு என்று பின்னொட்டுகளும் தாராளமாக ஒட்டும். (எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் மகள், “ஏவாள் பார்த்த பணியாப்பா?” என்றாள். இந்த மாவட்டத்தில் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.)

‘மிகைப்பணி’, ‘கடமை கடந்த பணி’ என்று வைத்தால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். அங்கேதான் ஒரு சிக்கல். கடமை எங்கே முடிகிறது என்று யார் கோடு போடுவது? 1994இல் எலிசபெத் மாரிசன் இதைத்தான் ஆராய்ந்தார். எது தன் வேலைக்குள் அடங்கும் என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, அதைத் தன் வேலை என்று நினைப்பவர்தான் அதிகமாகவும் செய்கிறார் என்று கண்டார்.

இதை மாணவி கண்ணால் பார்த்தாள். தோலுரிக்கும் பகுதியில் எடைக்குக் கூலி. சிறு கத்தியால் பருப்பின் மேலிருக்கும் சிவப்புத் தோலைச் சுரண்ட வேண்டும், பருப்பு உடையக் கூடாது, உடைந்தால் தரம் இறங்கும். மாலையில் எடை போடுவார்கள். வயதான ஒருவருக்குக் கண் மங்கல். தோல் ஒட்டிப் பிடித்த பருப்பெல்லாம் அவர் தட்டில் தங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் எடைக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எதுவும் பேசாமல் அந்தத் தட்டிலிருந்து இரண்டு கை அள்ளித் தன் தட்டில் போட்டு, தன்னிடம் தோல் கழன்ற பருப்பில் கொஞ்சம் அங்கே தள்ளிவிடுவார். அதில் அவருக்குக் கூலி குறையும். “இது உங்கள் வேலைதானா?” என்று மாணவி கேட்டாள். “பின்ன? கண்ணு தெரியாத்தவளுக்க தட்டப் பாத்துட்டு சும்மா இருக்கவா?”

அவரைப் பொறுத்தவரை அதுவும் வேலைதான். அப்போது ‘கடமை கடந்த’ என்பது அவர் வாயால் பொய்யாகிவிடுகிறது. ‘ஏவா’ என்பது பொய்யாகவில்லை, யாரும் சொல்லவில்லையே. 1997இல் ஆர்கனே தன் பழைய வரையறையைத் தளர்த்தினார். கடமைக்கு வெளியே, சன்மானத்துக்கு வெளியே என்ற பிடிவாதத்தை விட்டு, வேலை நடப்பதற்கான சமூக, மனச் சூழலைத் தாங்குகிற செயல் என்றார். அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் ‘ஏவா’ ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கிறேன். முழுக்கத் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, உட்பிரிவுகள். ஆர்கன் பிரித்த ஐந்தில் மூன்று எளிது: ஒத்தாசை, பொறுப்புணர்வு, பொதுக்காரிய ஈடுபாடு. ‘கர்ட்டசி’யைப் பலரும் ‘மரியாதை’ என்று எழுதுகிறார்கள், அது தப்பு. ஆர்கன் சொல்வது வணக்கம் போடுவதை அல்ல. நான் செய்யப்போவது இன்னொருவருக்குத் தொந்தரவாகலாம் என்றால் முன்கூட்டியே காதில் போட்டுவைப்பது. ‘முன்சொல்லல்’ என்று வைக்கிறேன், இதைவிட நன்றாக யாரேனும் சொன்னால் மகிழ்ச்சி.

‘ஸ்போர்ட்ஸ்மன்ஷிப்’ இன்னும் மோசம். ‘விளையாட்டு வீரர் பண்பு’ என்று ஒரு ஆய்வேட்டில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். சின்னச் சின்ன அசௌகரியத்துக்கு முணுமுணுக்காமல் இருப்பதுதான் பொருள். ‘சலியாமை’ பொருந்தும். ஆனால் அதை அளக்கும் வாசகம் ஒன்று எங்களைப் படுத்தி எடுத்தது. 1990இல் பொட்சாகாஃப் குழுவினர் செய்த 24 வாசக அளவுகோலில், எப்போதும் எண்ணெய் கேட்டுக் கிறீச்சிடும் சக்கரம் போன்றவர் என்று ஒரு எதிர்மறை வாசகம் உண்டு. அதற்கு இணையாக ‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ என்ற பழமொழியை வைத்தோம். முன்னோட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் ‘ஆமாம், ரொம்பச் சரி’ என்று குறித்தார்கள்! ஆங்கிலத்தில் அது குறை, தமிழில் அது புத்திமதி. கேட்காமல் கூலி உயர்ந்த வரலாறு எந்த அண்டியாபீஸில் இருக்கிறது? தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் பிரிஸ்லின் முறையில் இந்தத் தவறு மாட்டவே இல்லை. வாசகம் நேராகத் திரும்பிப் போய்விட்டது, மதிப்புதான் தலைகீழ். 1997இல் ஃபார் என்பவரும் கூட்டாளிகளும் தைவானில் பார்த்தபோது, ஆட்களுக்குள் இணக்கம் கெடாமல் காப்பது, நிறுவனப் பொருளைப் பாதுகாப்பது என்று மேலைநாட்டுப் பட்டியலில் இல்லாதவை கிடைத்தன. இங்கேயும் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்று மாணவிக்கு ஆசை.

கடைசியாக, எதிர்ப்பக்கத்துக்கும் சொல் வேண்டும். 2006இல் விகோடா-கடோட் என்ற ஆய்வாளர், மேலிருந்து வரும் அழுத்தத்தால் செய்யப்படும் ‘தன்னார்வ’ வேலையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். எனக்கு அதில் சொந்த அனுபவம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஒரு தனியார் கல்லூரியில் மே மாதம் சுற்றறிக்கை வரும்: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்க் கல்லூரியைப் பற்றி எடுத்துச் சொல்ல ‘விருப்பமுள்ள ஆசிரியர்கள்’ முன்வரலாம். சுற்றறிக்கையோடு சேர்த்து ஒரு கையெழுத்துத் தாளும் வரும். வருடக் கடைசி மதிப்பீட்டுப் படிவத்தில் ‘நிறுவனத்தின் மேல் பற்று’ என்று ஒரு கட்டம், பத்து மதிப்பெண். திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கி மூன்று கோடை போயிற்று எனக்கு. யாரும் ஏவவில்லை. ஏவாமலும் இல்லை. இதற்கு ‘மறைமுக ஏவல்’ என்று வைக்கலாமா?

நாகர்கோவிலிலிருந்து

* * *

அண்ணா, வணக்கம்ங்க.

குடிமையை ரேஷன் கடை வரிசையில நிறுத்திட்டீங்க, பரவாயில்லைங்க, ஏவாப்பணிக்கு என் ஓட்டு. ‘முன்சொல்லல்’ எங்க ஸ்பின்னிங் மில்லுக்கு அப்படியே பொருந்துது. ஷிப்ட் மாறும்போது, எந்த மெஷின் காலையிலிருந்து மக்கர் பண்ணுதுன்னு அடுத்த ஆளுக்குச் சொல்லிட்டுப் போறவங்க உண்டு, பேசாமப் பையை மாட்டிக்கிட்டுப் போறவங்களும் உண்டு.

ஆனா ‘மறைமுக ஏவல்’ வேண்டாமுங்க. ஏவல்னா எங்க பக்கம் பில்லி, சூனியத்தோட சேர்ந்து வர்ற சங்கதி. அதுலயும் மறைமுக ஏவல்னா எச்ஆர் மேனேஜர் எலுமிச்சம்பழம் வெச்ச மாதிரி இருக்கு.

* * *

தம்பி,

சிரித்துச் சிரித்து டீ ஆறிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன், இங்கேயும் அதே பொருள் உண்டு, எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. வினையாக வரும்போது ‘ஏவா’ தப்பித்துக்கொள்கிறது, பெயராக வரும்போது ‘ஏவல்’ மாட்டிக்கொள்கிறது. அப்படியானால் அதற்குச் ‘சொல்லாக் கட்டளை’ என்று வைத்துவிடுவோம். அந்தச் சுற்றறிக்கைக்கு இதுதான் இன்னும் சரி, ஏனென்றால் அதில் கட்டளை என்று ஒரு சொல்கூட இல்லை.

அக்கா ஒப்புரவுக்காக இன்னும் வாதாடுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை மாணவி புதிய தாளோடு கருங்கல்லுக்குப் போகிறாள். பழமொழி வாசகத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ‘சின்ன விஷயத்துக்கெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் புலம்புவேன்’ என்று வைத்திருக்கிறோம்.