‘டார்க்’, ‘ப்ரீலோட்’: ஒரு சொல்லா, இரண்டா?

வணக்கம். எஞ்சின் கட்டும் கையேட்டின் சொற்பட்டியலில், போல்ட்டைத் திருப்பும் முறுக்கின் அளவான ‘டார்க்’குக்கு ‘முறுக்குவிசை’ என்று போட்டாயிற்று. முடுக்கிய போல்ட்டில் நிற்கும் இழுவிசையான ‘ப்ரீலோட்’டுக்கு ‘முன்சுமை’ சரிதானா? பட்டறையில் போல்ட்டை ‘முடுக்கு’ என்கிறோமே, டார்க் அளவை ‘முடுக்க அளவு’ எனலாமா?

———

> முன்சுமை

வேண்டாம். முடுக்கும்போது போல்ட் இழுபட்டு நீள்கிறது. அது சுருங்கப் பார்க்கும் விசைதான் எஞ்சினின் ஹெட்டையும் (மேல்பகுதி) பிளாக்கையும் (உடல்பகுதி) சேர்த்துப் பிடிக்கிறது. ‘இறுக்குவிசை’ என்றாலே விளங்கும். ‘முடுக்கம்’ பாடநூலில் ஆக்ஸிலரேஷனுக்குப் போய்விட்டது, விட்டுவிடுங்கள்.

ரெஞ்ச் காட்டுவது முறுக்குவிசை மட்டுமே. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வுக்கே போய்விடும். எம்10 (10 மி.மீ. விட்ட) போல்ட்டை உலர்ந்த மரையில் 60 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால், முறுக்குவிசையையும் இறுக்குவிசையையும் இணைக்கும் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், இறுக்குவிசை 30,000 நியூட்டன். நல்ல கிரீஸ் பூசி கெழு 0.12 ஆனால் அதே 60க்கு 50,000. 10.9 என்ற வலிமைத் தரத்தில் இந்தப் போல்ட்டின் தாங்குசுமையே (நிலையாக நீளாமல் தாங்கும் சுமை) 48,000 அளவில்தான். ரெஞ்ச் ‘கிளிக்’ என்றதும் எல்லாம் சரி என்று நினைத்திருப்போம், போல்ட் அதற்குள் எல்லை தாண்டியிருக்கும்.

ஆகவே போல்ட்டுக்குப் பதில் வேறு தயாரிப்பாளரின் ஸ்டட் (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள தண்டு) போட்டால் வண்டியின் சர்வீஸ் மேனுவல் எண் செல்லாது. ஸ்டட் தயாரிப்பாளர் தரும் எண்ணும் அவர் சொல்லும் கிரீஸும் சேர்ந்ததுதான் ஓர் அளவு. பட்டியலில் ‘பூச்சு’ என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

———

‘இறுக்குவிசை’க்கு என் ஒப்புதல். அந்தக் கெழுவை ‘உராய்வுக் கெழு’ என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு. ‘நட் கெழு’ என்றே இருக்கட்டும்.

இன்னும் இரண்டு சொல். வண்டிக் கம்பெனியின் ஹெட் போல்ட்டில் ‘இவ்வளவு முறுக்குவிசை, பிறகு 90 டிகிரி திருப்பு’ என்று வருவதைக் ‘கோண முடுக்கல்’ எனலாம். அந்த 90 டிகிரியை வெளியில் வாங்கும் (ஆஃப்டர்மார்க்கெட்) ஸ்டட்டில் போடக்கூடாது என்பதையும் அங்கேயே எழுத வேண்டும்.

பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் போல்ட்டுக்கு ‘நீட்சி அளவு’. இரு முனையும் எட்டுவதால் ரெஞ்சை நம்ப வேண்டியதில்லை: முடுக்குமுன் நீளம், முடுக்கியபின் நீளம், வித்தியாசம் தயாரிப்பாளர் சொன்ன நீட்சிக்குள் இருக்க வேண்டும். கழற்றியபின் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் 0.025 மி.மீ. கூடி நின்றால் அது ‘நிலைநீட்சி’. அந்தப் போல்ட் குப்பைக்கு.

கிராங்க்ஷாஃப்ட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் மெயின் கேப்பில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டால் இறுக்குவிசை மாறும், பேரிங் உட்காரும் துளையின் வட்டமும் கெடும். புது அளவுக்கு முடுக்கி, போர் கேஜால் (துளை விட்டம் அளக்கும் கருவி) அளந்து, தேவையானால் லைன் ஹோன் செய்த (துளைகளை ஒரே நேராகத் தேய்த்து வட்டமாக்கிய) பிறகே பேரிங். இதற்குத் தனிச்சொல் எதுவும் வேண்டாம்.