பஞ்சாலைப் பில்களின் தலைப்புப் படங்கள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் பழைய தாள்களை விற்கும் கடை ஒன்றில், 1840-களில் அப்பகுதியின் ரோட் ஐலண்டு மாநிலத்து ஆலை ஒன்று அனுப்பிய பில்லைப் பார்த்தேன். பில்லின் உச்சியில் அச்சிட்ட தலைப்புப் படத்தில் ஆறு, அணை, பல மாடி ஆலை, மணிக்கூண்டு ஆகிய அனைத்தும் ஓரிரு அங்குலத்துக்குள் செதுக்கப்பட்டிருந்தன. செதுக்கிய அச்சுத் தகட்டின் பள்ளங்களிலிருந்து ஏறிய மை தாளின்மேல் சற்றே புடைத்திருப்பதை விரல் நுனியால் உணர முடிந்தது. தேதிக்கான இடத்தில் '18' மட்டும் அச்சாகியிருக்க, மீதி இரண்டு இலக்கங்களை எழுத்தர் பேனாவால் நிரப்பியிருந்தார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவை படத்துக்குக் கீழே இருந்த வரிகளே. அது தென் மாநிலத் துறைமுக நகரான சார்ல்ஸ்டனின் வணிகர் ஒருவருக்கு அனுப்பிய முரட்டுத் துணியின் கணக்கு. தென் மாநிலத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த மக்களுக்கு உடுத்தக் கொடுப்பதற்கென்றே இத்தகைய மலிவான துணியை ரோட் ஐலண்டு ஆலைகள் பல நெய்தன; அம்மாநிலத்தின் பீஸ் டேல் என்ற ஊரில் ஹசார்டு குடும்பம் நடத்திய ஆலையும் அவற்றுள் ஒன்று. அந்த மக்கள் பறித்த பருத்தியே வடக்கே வந்து ஆலைகளை ஓட்டியது. தலைப்புப் படத்தில் இதன் சுவடே கிடையாது. படத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டமிட்டு விற்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆலையின் உண்மையான வரலாறு வெட்டியெறியப்படும் பகுதியில்தான் இருக்கிறது.

இரண்டாம் பகிர்வு

முழுத்தாளைக் காக்க வேண்டும் என்பதில் நானும் உடன்படுகிறேன். எனினும் படத்திலும் சான்று உண்டு. என்னிடமுள்ள, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆலை நகரமான லோவலின் கடிதத்தாளில் தேதி அழிந்துவிட்டது. ஆனால் ஆலைக்கு முன்னால் ரயில் ஒன்று செல்வதாக வரைந்திருக்கிறார்கள். பாஸ்டன்–லோவல் ரயில்பாதை 1835-இல்தான் திறக்கப்பட்டது என்பதால், தாள் அதற்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். 1845 வரை அமெரிக்க அஞ்சல் கட்டணம் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைந்ததால், வணிகர்கள் உறையைத் தவிர்த்துக் கடிதத்தையே மடித்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதினார்கள். என் தாளிலும் அந்த மடிப்புகள் இருக்கின்றன.

மூன்றாம் பகிர்வு

லோவலில் இருந்த அமெரிக்க ஜவுளி வரலாற்று அருங்காட்சியகம் 2016-இல் மூடப்பட்டபின், அதன் நூலகத் தொகுப்பு கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகமான கீல் மையத்துக்குச் சென்றது. இத்தகைய தாள்களை வெட்டுப்படாமல் காண விரும்புவோர் அங்கே விசாரிக்கலாம்.