தர்காவுக்கும் கோயிலுக்கும் போகிற குடும்பங்களிடம் எதைக் கேட்பது? (பிஎச்டி களப்பணி, ஆலோசனை வேண்டும்)

வைகைக்கரை:

வணக்கம். சமூகவியலில் பிஎச்டி இரண்டாம் வருடம். வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால் அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலும் போன பிறகும் கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று எங்கெல்லாம் போகிறது, யார் சொல்லிப் போகிறது என்பதுதான் தலைப்பு. களம் ராமநாதபுரம், திருச்சி மாவட்டங்கள். மனநோய்க்காக மக்கள் போய்த் தங்குகிற ஏர்வாடி தர்காவையும் குணசீலம் பெருமாள் கோயிலையும் மனதில் வைத்துத்தான் சினாப்சிஸ் எழுதினேன்.

கைடு ஒரு அளவுகோல் கட்டாயம் வேண்டும் என்கிறார், எண் இல்லாமல் கமிட்டியில் நிற்க முடியாது என்பது அவர் கவலை, அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு உருவாக்கிய 14 கேள்வி அளவுகோலைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். துன்பம் வரும்போது மதத்தை எப்படித் துணைக்கு எடுக்கிறோம் என்று அளப்பது அது. 7 கேள்வி நல்ல விதமாக எடுப்பதற்கு, 7 கேள்வி கெட்ட விதமாக எடுப்பதற்கு. அதில் ஒரு வரி, இது சாத்தானின் வேலை என்று முடிவு செய்தேன் என்பது. இன்னொன்று, என் சபை என்னைக் கைவிட்டதோ என்று யோசித்தேன் என்பது. சபையைக் கோயில் என்று மாற்றினேன், சாத்தானை அப்படியே விட்டேன். முன்னோட்டமாக ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு அம்மா, "சாத்தானா, அது யாரு? எங்களுக்கு செய்வினைன்னுதான் சொன்னாங்க" என்றார். கடவுள் தண்டிக்கிறார் என்று நினைத்தீர்களா என்று கேட்டதற்கு உடனே ஆமாம் என்றார், அதுவும் முகம் தெளிந்து. "மூணு வருஷமா குலசாமிக்கு ஒண்ணும் செய்யலை, அதான் காட்டிருச்சு, இந்த மாசி பச்சைக்கு கெடா வெட்டிட்டா சரியாப் போயிரும்" என்றார். அளவுகோல்படி இது கெட்ட விதம், மதிப்பெண் ஏறும். ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். இதை எப்படி எண்ணாக்குவது என்று தெரியாமல் நோட்டை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அளவுகோலை விட்டுவிடலாமா? களத்தில் யாரையாவது கட்டிப்போட்டிருப்பதைப் பார்த்தால் ஆய்வாளராக என்ன செய்ய வேண்டும்? இதில் வேலை செய்தவர்கள், வீட்டில் அனுபவித்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு:

அந்த நோட்டை மூடியதுதான் உங்கள் ஆய்வின் முதல் நல்ல தரவு என்று எனக்குத் தோன்றுகிறது. கெடா வெட்டுகிற அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். கோபித்துக்கொண்ட குலசாமி சமாதானமும் ஆகும், அதற்கு முறை உண்டு, செலவு உண்டு, நாள் உண்டு. அதனால் தண்டனை என்ற சொல்லே நம் ஊரில் ஒரு வழியைக் காட்டுகிற சொல்லாக இருக்கிறது. சபைக்குள் பாவம், மன்னிப்பு என்று வளர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதிய கேள்வி இதைப் பிடிக்காது. மொழிபெயர்ப்பைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது, கேள்வியே வேறு.

ஆனாலும் அளவுகோலைத் தூக்கிப் போடாதீர்கள். கைடோடு சண்டை வேண்டாம். 14 கேள்வியையும் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தவுடன் "ஏன் அப்படிச் சொல்றீங்க" என்று கேட்டு அதையும் பதிவு செய்யுங்கள். எந்தக் கேள்வி எங்கே உடைகிறது என்பதே ஒரு அத்தியாயம் ஆகும். எண்ணும் இருக்கும், எண் என்ன சொல்லவில்லை என்பதும் இருக்கும்.

இன்னொன்று, 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் முதலானோர் எழுதிய கட்டுரையைப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள். வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை, வந்தபோதும் கிளம்பும்போதும் மனநோய் அறிகுறிகளை அளக்கும் அளவுகோலில் பார்த்தார்கள். பெரும்பாலும் சித்தபிரமை வகை நோய்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருக்கிறார்கள், மருந்து இல்லை, அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய 20% இறங்கியிருக்கிறது. நான் அதில் கவனிக்கச் சொல்வது அந்த 20%ஐ அல்ல. அங்கே பேயோட்டுவது போன்ற பெரிய சடங்கு எதுவும் இல்லை. காலையில் சின்னதாக ஒரு பூஜை, மற்ற நேரம் கோயில் வளாகத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கூட வீட்டு ஆள் ஒருவர். திட்டுகிறவர் யாரும் இல்லாத ஒரு இடம். அப்படியென்றால் குணமாக்கியது எது? சாமியா, ஓய்வா, கூட இருந்த அம்மாவா, ஊர் கண்ணில் படாமல் இருந்ததா? மருந்து எடுத்த வேறு ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதால் அந்தக் கட்டுரையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் கேள்விகள் இந்த இடத்தில் இருந்து தொடங்கலாம்.

தென்காற்று:

மேலே சொன்ன கட்டுரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "கோயிலில் தங்கினாலே மருந்து போல வேலை செய்கிறது" என்று அதை மேடைகளில் பேசுகிறார்கள். 31 பேர், ஆறு வாரம். அதை வைத்து ஒரு குடும்பம் மாத்திரையை நிறுத்தினால் அதற்கு யார் பொறுப்பு? பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. பெரியவர்களில் 10.6% பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் அப்போது இருந்தது. சித்தபிரமை வகை நோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. முதல் அறிகுறிக்கும் முதல் மருந்துக்கும் நடுவில் போகிற ஒவ்வொரு மாதமும் பின்னால் குணமாவதைக் கடினமாக்குகிறது என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். நம்பிக்கையை மதிப்பது வேறு, தாமதத்தை அழகாக்குவது வேறு. உங்கள் ஆய்வேட்டில் அந்தத் தாமதம் மாதக் கணக்கில் இருக்க வேண்டும்.

கீழவாசல்:

நான் ஆய்வாளர் இல்லை. என் தம்பிக்கு 22 வயதில் ஆரம்பித்தது, இப்போது 39. எங்களிடம் இதுவரை மூன்று முறை ஆள் வந்து ஃபாரம் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்று பேரும் கேட்டது, "உங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டா?" நான் உண்டு என்றும் சொன்னேன், இல்லை என்றும் சொன்னேன், இரண்டும் உண்மைதான்.

யாரும் கேட்காதது எது என்று சொல்கிறேன். முதலில் போனது குறி சொல்கிற கோடாங்கியிடம். அது என் முடிவும் இல்லை, அம்மாவின் முடிவும் இல்லை. பெரியப்பாவின் முடிவு, ஏனென்றால் அவர்தான் காசு கொடுத்தார். அப்புறம் குணசீலம், ஒரு மண்டலம், 48 நாள். அம்மாவும் தம்பியும் அங்கே தங்கினார்கள். உச்சிப்பொழுதுக்கும் அர்த்தசாமத்துக்கும் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். தம்பி தூங்கினான், நேரத்துக்குச் சாப்பிட்டான், முக்கியமாக எங்கள் தெருவில் இல்லை. திரும்பி வந்து நான்கு மாதம் நன்றாக இருந்தான். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. கோயிலுக்குப் போயிருக்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல முடிந்தது, மனநல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லியிருந்தால் என் கல்யாணம் நின்றிருக்கும். இதை எந்த ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்கள்?

அதற்குப் பிறகு தர்காவுக்கும் போனோம். நாங்கள் இந்துக்கள், எங்களைப் போல அங்கே நிறையப் பேர். கனவில் உத்தரவு வந்தால்தான் கிளம்ப வேண்டும் என்று சொன்னதால் அம்மா விடியும் முன்பே எழுந்து அவனிடம் கனவு வந்ததா என்று கேட்பார். பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பாய் வீட்டு அம்மா தன் மகனுக்கு ஊசி போட மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் வருவதாகச் சொன்னார். "அல்லா டாக்டரையும்தானே படைச்சிருக்கான்" என்றார். எங்களை மருத்துவத்துக்கு அனுப்பியது அவர்தான். டிவியும் இல்லை, போஸ்டரும் இல்லை, தர்கா வாசலில் பாய் விரித்திருந்த ஒரு அம்மா.

முதலில் போன ஆஸ்பத்திரியில் டாக்டர், கோயில் கோயிலாகச் சுற்றி மூன்று வருடத்தை வீணாக்கிவிட்டீர்கள் என்று அம்மாவை எல்லோர் முன்னாலும் திட்டினார். அம்மா பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. வேறு இடம் தேடி மறுபடி மாத்திரை ஆரம்பிக்க இன்னும் எட்டு மாதம் ஆனது. தென்காற்று சொன்ன தாமதக் கணக்கில் அந்த எட்டு மாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது சாமியால் வந்தது இல்லை.

இன்றைக்கும் மாத்திரைப் பட்டையை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் எடுத்துக் கொடுப்பார். தம்பி அப்படிக் கொடுத்தால்தான் போடுவான்.

ஓபி நாட்கள்:

மனநல சமூகப் பணியாளராகப் பதினோரு வருடம், தென்மாவட்டங்களில். கீழவாசல் அக்கா எழுதியதைத்தான் தினமும் பார்க்கிறேன். ஓபியில் உட்காருகிறவர் கையில் தாயத்தும் இருக்கும், மாத்திரைச் சீட்டும் இருக்கும். இது அங்கே, இது இங்கே என்று குடும்பங்கள் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

வைகைக்கரை கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அது தர்காவுக்குள் நடந்தது இல்லை, தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துச் சுற்றி நடத்தப்பட்ட தனியார் விடுதி ஒன்றின் கொட்டகை. இந்த வித்தியாசத்தை உங்கள் ஆய்வேட்டில் தயவுசெய்து தெளிவாக எழுதுங்கள், இன்றைக்கும் பலர் குழப்புகிறார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அந்த மாதிரி விடுதிகளை அரசு மூடியது. பிறகு தர்கா பக்கத்திலேயே மனநல மருத்துவரைக் கொண்டுவந்து, துவாவும் (பிரார்த்தனை) நடக்கட்டும் மருந்தும் நடக்கட்டும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டம் உனாவாவில் இருக்கிற மீரா தாதார் தர்காவில் 2008ல் தொடங்கிய தவா-துவா (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டமும் இதே வழிதான். அங்கே மந்திரிக்கிற முஜாவர்களே (தர்காவைப் பார்த்துக்கொள்கிறவர்கள்) ஆட்களை டாக்டரிடம் அனுப்பப் பழகினார்கள். உங்கள் பட்டியலில் நோயாளி, குடும்பம் மட்டும் இருந்தால் பாதிதான் கிடைக்கும். ஓதுகிறவர்களிடமும் பூசாரிகளிடமும் பேசுங்கள். யாரை டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. தூங்காமல் கத்துகிறவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள், வலிப்பு வந்தால் வேறு மாதிரி.

சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல் நிறைவேறி 2018 மே 29ல் நடைமுறைக்கு வந்தது. 95ஆம் பிரிவு எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. 101ஆம் பிரிவின்படி, பொறுப்பில் இருக்கிறவரே கொடுமைப்படுத்துகிறார் அல்லது கவனிக்காமல் விடுகிறார் என்று தெரிந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இது எல்லோருக்கும் பொருந்தும். எனவே ரகசியம் காப்பேன் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதும்போதே, யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் சொல்ல வேண்டி வரும் என்றும் எழுதி, அதை வாயாலும் சொல்லிவிடுங்கள். முதல் நாளே மாவட்ட மனநலத் திட்டக் குழுவைப் பார்த்து அறிமுகம் செய்துகொண்டால், அப்படி ஒன்றைப் பார்க்கும்போது போலீஸோடு நிற்காமல் மருத்துவமும் உடனே கிடைக்க வழி இருக்கும். நான் பார்த்த வீடுகளில் கட்டிப்போட்டவர்கள் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிற வயதான அம்மாக்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் வரை மகன் ரோட்டில் அடிபட்டுச் சாகக்கூடாது என்று கட்டுகிறார்கள். அது குற்றம்தான், ஆனால் அந்த அம்மாவைக் கைது செய்துவிட்டு மகனை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

99ஆம் பிரிவையும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன் படியுங்கள். மனநோய் உள்ளவரைப் பேட்டி எடுக்கவே அவருடைய ஒப்புதல் வேண்டும் என்கிறது, அவரால் தர முடியாத நிலை என்றால், உளவியல், உடல் அல்லது மருந்துத் தலையீடு உள்ள ஆய்வுக்கு மாநில மனநல ஆணையத்தின் அனுமதி என்று போகும். பக்கத்தில் நிற்கும் அண்ணன் தலையாட்டினால் போதாது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரவு இரண்டு முறை படித்தேன். கீழவாசல் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் வினாநிரலின் முதல் பக்கத்தை எடுத்துவிட்டேன். நம்பிக்கை உண்டா என்பதுதான் அதில் முதல் கேள்வி. இப்போது அந்த இடத்தில் ஒரு வெறும் கோடு. முதல் அறிகுறியில் இருந்து இன்றுவரை எங்கெல்லாம் போனீர்கள் என்று கோட்டில் குறித்துக்கொண்டே போகப்போகிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு கேள்வி: யார் சொன்னது, யார் காசு, எத்தனை நாள், ஏன் கிளம்பினீர்கள். தாமதம் மாதக் கணக்கில் அதிலேயே வந்துவிடும், ஆஸ்பத்திரியில் நடந்த தாமதமும் சேர்த்து. 14 கேள்வி கடைசியில் வரும். கைடிடம் நாளைக்குக் காட்டுகிறேன்.

ஒரு சந்தேகம். நோயாளியிடமே நேராகப் பேச வேண்டுமா, குடும்பம் போதுமா?

கீழவாசல்:

பேசுங்கள். என் தம்பியிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. குணசீலத்தைப் பற்றி அம்மா ஒன்று சொல்வார், அவன் வேறு ஒன்று சொல்வான். தீர்த்தம் அடிப்பது அவனுக்குப் பிடிக்கவே இல்லையாம், காவிரியில் குளித்ததுதான் பிடித்ததாம். சாயங்காலமாகப் பேசுங்கள், காலை மாத்திரைக்குப் பிறகு அவனுக்குத் தூக்கமாக இருக்கும்.