கடைசி வரிசைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது? பாசனச் சீர்மையை அளந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், வாழை

எங்கள் தோட்டத்தில் சொட்டுநீர் போட்ட மூன்றாம் ஆண்டில், மேற்குக் கடைசி வரிசைகளில் மட்டும் வாழை மெலிந்து தார் சிறுத்தது. மண்ணைச் சந்தேகித்து அங்கே கூடுதலாக யூரியாவும் பொட்டாசும் வைத்தேன், பலன் இல்லை. வேளாண் பொறியியல் படித்த என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "உரம் இருக்கட்டும் சித்தப்பா, தண்ணீரை அளந்தீர்களா?" என்று கேட்டான். எல்லா டிரிப்பரும் (மரத்தடியில் நீரைச் சொட்டவிடும் சிறு முனை) சொட்டுகிறதா என்று பார்த்திருந்தேனே தவிர, எவ்வளவு சொட்டுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சப்மெயினின் (வரிசைகளுக்குத் தண்ணீரைப் பிரித்துத் தரும் கிளைக்குழாய்) தொடக்கம், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி என நான்கு லேட்டரல்களை (வரிசை நெடுகப் போகும் டிரிப்பர் குழாய்கள்) தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அதே முறையில் நான்கு இடங்களில் டிரிப்பருக்கு அடியில் கிண்ணம் வைத்து, மூன்று நிமிடம் பிடித்து, அளவுக் குடுவையில் ஊற்றிக் குறித்தோம். எங்களுடையவை மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர்கள் என்பதால் 200 மில்லி வந்திருக்க வேண்டும். முதல் டிரிப்பரில் 205 மில்லி வந்தது. கடைசி லேட்டரலின் கடைசி டிரிப்பரில் வெறும் 90. பதினாறின் சராசரி 167.5 மில்லி, மிகக் குறைந்த நான்கின் சராசரி 126. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சுமார் 75 சதவீதம். தண்ணீர் எவ்வளவு சமமாகப் பிரிகிறது என்று காட்டும் இதுதான் சீர்மை. 90-க்கு மேல் இருந்தால் மிக நன்று, 80-க்கு மேல் நன்று, 70-க்குக் கீழே போனால் மோசம் என்பது வழக்கமான மதிப்பீடு. ஆக, நாங்கள் தேர்ச்சி பெற்றோம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கடைசி மரத்துக்குச் சதவீதம் தெரியாது; முதல் மரம் குடிப்பதில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை. வென்சுரி (உரக் கரைசலைக் குழாய் நீரோடு உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியாக விடும் உரமும் அதே கணக்கில்தான் போயிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

காரணத்தைப் பிரித்தறிந்த விதம்தான் எனக்கு உண்மையான பாடம். கடைசி லேட்டரலின் நுனியில் உள்ள மூடியான எண்டு கேப்பைக் கழற்றி அங்கே பிரஷர் கேஜைப் பொருத்தியபோது, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ இருக்க வேண்டிய அழுத்தம் 0.6 கிலோதான் இருந்தது. சாதாரண டிரிப்பரில் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். அந்தக் கணக்குப்படி 155 மில்லியாவது வந்திருக்க வேண்டும். ஆகவே 200-லிருந்து 155-க்கு இறங்கியது அழுத்தக் குறைவால்; 155-லிருந்து 90-க்கு இறங்கியது அடைப்பால். முதலாவது என் தவறுதான்: யாரையும் கேட்காமல் அதே சப்மெயினில் பிற்பாடு ஆறு வரிசைகளைச் சேர்த்திருந்தேன். இரண்டாவது எங்கள் போர்வெல்லின் உப்பு. டிரிப்பர் வாயில் இருந்த வெள்ளைப் படிவில் வினிகர் விட்டதும் நுரைத்தது. வரிசைகளை இரண்டு வால்வுகளாகப் பிரித்து, படிவைக் கரைக்கக் குழாயில் அமிலம் கலந்த நீரை விடும் அமில சிகிச்சை செய்து (அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது), மறுநாள் எண்டு கேப்புகளைத் திறந்து கழுவிவிட்டோம். மீண்டும் அளந்தபோது 90 சதவீதம் வந்தது. மெலிந்திருந்த மரங்கள் அந்தப் பருவத்தில் தேறவில்லை. வெட்டிய மரத்தின் பக்கக் கன்றிலிருந்து வரும் அடுத்த பயிரான மறுதாம்பில்தான் வித்தியாசம் தெரிந்தது.

உடுமலைப்பேட்டை, நிலக்கடலை

என்னுடையது தெளிப்புநீர் என்பதால் கிண்ணங்களைத் தரையில் பரப்ப வேண்டியிருந்தது. நான்கு தெளிப்பான்களுக்கு இடைப்பட்ட 12 மீட்டர் சதுரத்தில், மூன்று மீட்டருக்கு ஒன்றாக ஒரே வாயளவுள்ள பதினாறு டப்பாக்களை வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். சராசரியிலிருந்து ஒவ்வொரு டப்பாவும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துச் சீர்மையைக் கணக்கிடும் இந்த முறையை 1942-இல் கலிஃபோர்னியாவில் கிறிஸ்டியான்சன் வகுத்தார். 84 சதவீதம் வந்தால் போதுமானது என்பார்கள். விடியற்காலையில் எனக்கு 85 வந்தது. அதே வயலில், அதே குழாயில், ஆடி மாதப் பிற்பகலில் 67. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அது தண்ணீரை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகிறது என்பதை மேற்கு ஓரத்து டப்பாக்கள் ஏறக்குறைய காலியாகக் கிடந்தபோதுதான் பார்த்தேன். அதன்பின் காற்று மாதங்களில் மின்சாரம் இரவில் வந்தால் இரவிலேயே விடுகிறேன், தூக்கம் கெட்டாலும்.

பொள்ளாச்சி, தென்னை

ஒரு சிறு சேர்க்கை. மோட்டார் போட்டவுடன் அளக்காதீர்கள். குழாயிலிருந்து காற்று வெளியேறி அழுத்தம் நிலைக்கட்டும். நான் முதல்முறை அவசரப்பட்டு எடுத்த அளவுகள் அத்தனையும் வீண். இரண்டாம் முறை அளந்தபோது, குறைவாக வந்த டிரிப்பர்களைவிட அதிகமாக வந்தவையே என்னைத் திகைக்க வைத்தன. மணிக்கு 8 லிட்டர் வர வேண்டிய இடத்தில் சிலவற்றில் 20 லிட்டருக்கு மேல் கொட்டியது. விசாரித்தால், அடைத்துக்கொண்டவற்றை வேலைக்கு வந்தவர் குத்தூசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார். அப்படிச் செய்யச் சொன்னவன் நானேதான். அந்தப் பதினோரு டிரிப்பர்களையும் மாற்றியதும் வரிசைக் கடைசியில் இருந்த மரங்களுக்குத் தண்ணீர் எட்டியது.