மறு: ‘அன்ஏலியனபிள் ரைட்ஸ்’ – பறிக்கவியலா உரிமையா, விட்டுத்தரவியலா உரிமையா?

அன்புள்ள குழுவினர்க்கு,

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான வரலாற்றுக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் ஏற்கப்பட்ட அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் வரும் ‘அன்ஏலியனபிள் ரைட்ஸ்’ என்பதற்கான தமிழ்ச்சொல் ஒன்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

‘பறிக்கவியலா உரிமை’ போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். பிரகடனத்தின் பிற்பகுதிக்கு அது பொருந்தும். பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர்மீது அங்கே அடுக்கப்படும் 27 குற்றச்சாட்டுகளில் இசைவு பெறாமல் வரி விதித்தது, சட்டமன்றங்களைக் கலைத்தது, ஜூரி விசாரணையை மறுத்தது என்று பலவும் பறித்தலைப் பற்றியவையே. ஆனால் முற்பகுதியின் வாதம் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் சிந்தனை மரபில் வருவது. தன் உயிர்மீது தனக்கே முழு அதிகாரம் இல்லாத மனிதன், தானே சம்மதித்தாலும் தன்னைப் பிறருக்கு அடிமையாக எழுதிக்கொடுக்க முடியாது என்பது அவர் கொள்கை. பறிப்பது பிறர் செயல். உரியவரே கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ‘பறிக்கவியலா’ விடை சொல்வதில்லை.

சட்டத்துறை நண்பர் சுட்டிய ‘பராதீனம்’ (உரிமையைப் பிறருக்கு மாற்றிக்கொடுத்தல்) பொருளளவில் மிகச் சரி. ‘ஆயுள்வரை அனுபவித்துக்கொள்ளலாம், பராதீனம் செய்ய உரிமையில்லை’ என்று செட்டில்மெண்ட் பத்திரத்தில் எழுதுவது இதைத்தான். வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை; பத்திரமே பார்த்திராத மாணவருக்கு அது எட்டாது. புலவர் ஐயாவின் ‘கைமாறா உரிமை’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாய்ச் செறிவாக இருக்கிறது. ஆயினும் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்னும் குறளில் பழகிய காதில் அது பிரதியுபகாரம் என்றே விழும்.

இன்னொரு பரிந்துரையான ‘பிறப்புரிமை’யை ஏற்க எனக்குத் தனித் தயக்கம் உண்டு. பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் வரைவில் ‘இயல்பாய் அமைந்த’ என்ற பொருளுடைய அடைமொழியும் ‘அன்ஏலியனபிள்’ என்பதோடு இருந்தது. குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பேராயம் அந்த அடைமொழியை நீக்கி ‘அன்ஏலியனபிள்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. அடிமை வணிகத்துக்காக மன்னரைக் கண்டித்த பத்தியையும் அதே பேராயம் நீக்கியது. யாராலும் யாருக்கும் கொடுக்க முடியாத உரிமை என்று அறிவித்த நாட்டில் மனிதர்கள் எப்படி விலைக்கு விற்கப்பட்டார்கள் என்று மாணவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பும் சொல்லே எனக்கு வேண்டும்.

வாக்கு ‘பறிக்கவியலா’வின் பக்கம் என்பதால் பாடத்தில் அதுவே அச்சேறட்டும். கலைச்சொல் பட்டியலில் ‘உரியவரே விட்டுத்தரவும் இயலாதது’ என்னும் விளக்கம் அதனருகே இருந்தாக வேண்டும். ‘விட்டுத்தரவியலா உரிமை’யை என் மாற்றுக் கருத்தாகப் பதிந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.