ஐம்பது கிலோ சுமக்கும் குதிரை மீது ஏன் இத்தனை காதல்?

சிவாஜிநகர் சீனு:
பெங்களூரு ரேஸ் கோர்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அறிவுரை என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார்: "ரேஸ் புத்தகத்தில் எடை குறைவாகப் போட்டிருக்கும் குதிரையைப் பாருங்கள், சுமை குறைந்தால் வேகம் கூடும்." எரிச்சல் தாங்கவில்லை. திறமைக்கு ஏற்பச் சுமை ஏற்றும் ஹேண்டிகேப் பந்தயத்தில், சுமையை (குதிரை ஓட்டும் ஜாக்கியும் சேணமும் சேர்ந்த எடையை) முடிவு செய்வதே குதிரையின் ரேட்டிங்தான், அதாவது பழைய ஓட்டங்களுக்குக் கிடைத்த மதிப்பெண். நன்றாக ஓடி வந்ததற்கு 60 கிலோ, தடுமாறியதற்கு 50 கிலோ. 50 கிலோ என்றால் அந்தக் குதிரை இதுவரை எதையும் சாதிக்கவில்லை என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். அதன் மீதா காதல்?

அல்சூர் தேவி:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா? பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அல்சூர் ஏரியை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து எழுதுங்கள்.

சிவாஜிநகர் சீனு:
ஓடப்போவது நான் அல்ல அம்மணி, அரை டன் எடையுள்ள குதிரை. 60 கிலோ போட்டிருப்பதுதான் அந்தப் பந்தயத்தின் சிறந்த குதிரை. புத்தகத்தில் முதல் எண்ணே அதற்குத்தான்.

கணக்கர்:
எல்லாக் குதிரைகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்து முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஹேண்டிகேப்பே. அப்படியானால் நீங்கள் இருவரும் சொல்வது எப்படிச் சரியாகும்? அதைவிட, புதிய ரசிகர் என்று யாரைச் சொல்கிறோம்? பந்தயம் கட்டுபவரையா, பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் பேடாக்கின் வேலியோரம் நின்று குதிரையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புபவரையா?

சிவாஜிநகர் சீனு:
60 கிலோ சுமக்கும் தகுதி எல்லாக் குதிரைக்கும் வந்துவிடாது. இதை மறுக்க முடியுமா?

அல்சூர் தேவி:
மறுக்கிறேன். பயிற்சி ஜாக்கி ஏறினால் எடையில் சலுகை உண்டு. அதனாலும் சுமை குறையும். அப்போதும் குதிரை மட்டம் என்பீர்களா? போன கோடைப் பருவத்தில் 'தோற்கவே தோற்காது' என்று ஒரு 60 கிலோ குதிரையை எழுதிவிட்டு, சாயங்காலம் அந்தப் பதிவையே காணாமல் செய்தவர் யார் என்று இங்கே பலருக்கும் தெரியும்.

சிவாஜிநகர் சீனு:
அன்று மழை, தரை ஈரம். அதற்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை.

கிண்டிக்காரர்:
எங்கள் தாத்தா சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸில் குதிரை பார்த்தவர். தொழிலதிபர் எம்.ஏ.எம். ராமசாமியின் பந்தயக் குதிரைகள் பேடாக்கில் சுற்றி வரும்போது நடையையும் வியர்வையையும்தான் பார்ப்பாராம். பெங்களூரில் கிலோ எண்ணுகிறீர்கள்!

சிவாஜிநகர் சீனு:
தாத்தா கதையைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி பந்தயத்துக்கு முன்பும் தராசில் ஏறுகிறார், பின்பும் ஏறுகிறார். எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு செருகுகிறார்கள். திரும்பி வரும்போது குறைந்திருந்தால் வென்ற குதிரையின் வெற்றியையே பறித்துவிடுவார்கள். நடையைப் பார்த்தா பறிக்கிறார்கள்?

மல்லேஸ்வரம் வாசகர்:
எத்தனை கிலோ ஆனால் என்ன, சூதாட்டம்தானே?

கணக்கர்:
தமிழ்நாட்டு அரசும் 1974-இல் அப்படித்தான் சொல்லித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது.

மல்லேஸ்வரம் வாசகர்:
திறமை என்றால் எதற்கு 2023 அக்டோபரில், கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள்? அதுவும் 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. சூதாட்ட விடுதிக்கும் அதே வரிதான்.

கிண்டிக்காரர்:
வரி போட்டால் சூதாட்டமாகிவிடுமா? அப்படியானால் சிகரெட்டும் சூதாட்டம்தான்.

சிவாஜிநகர் சீனு:
வரியை விடுங்கள். 60 கிலோவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அல்சூர் தேவி:
நான் சொல்கிறேன். மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் பிப்ரவரியில் நடக்கும் இந்தியன் டெர்பிக்கு ஹேண்டிகேப்பே கிடையாது. 2400 மீட்டர், ஆண் குதிரைகளுக்கெல்லாம் ஒரே எடை, பெண் குதிரைகளுக்குக் கொஞ்சம் சலுகை. நாட்டின் மிகப் பெரிய பந்தயத்திலேயே உங்கள் 60 கிலோ மந்திரம் செல்லாது. 1943-இல் நடந்த முதல் டெர்பியை வென்றதும் பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண் குதிரைதான்.

சிவாஜிநகர் சீனு:
பெண் குதிரை வென்றது என்று நீங்கள் பெருமைப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் டெர்பியை யார் கேட்டார்கள்? நான் பேசுவது ஹேண்டிகேப்.

அல்சூர் தேவி:
தோற்கும்போது பேச்சை மாற்றுவது உங்கள் வழக்கம்.

சிவாஜிநகர் சீனு:
மாற்றியது நீங்கள். சலுகை, டெர்பி, இளவரசி!

கணக்கர்:
ரசிகர் யார் என்று கேட்டிருந்தேன்.

கிண்டிக்காரர்:
அது இருக்கட்டும் ஐயா. தாத்தாவைப் பற்றிப் பேசியதற்கு சீனு முதலில் மன்னிப்புக் கேட்கட்டும்.

சிவாஜிநகர் சீனு:
கேட்க மாட்டேன். டெர்பியைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனித் தலைப்பு தொடங்குங்கள், அங்கேயும் வருகிறேன்.